சாய்வறிந்த கை

தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று நிற்கும் நாடு எம் நாடு. பாரி மாய்ந்தபின் அவன் மகளை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டுக் கபிலன் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்தில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. புரந்தவர் போனபின் செய்வதறியாது நின்ற நிலையையே பாட்டுக்கு ஒரு துறையாக்கிய மரபு இது. அந்தக் குன்றைப் பார்த்து வளர்ந்தவர் எவருக்காகவும் அழலாம். ஊர் கேட்க வேண்டுவதில்லை, குலம் கேட்க வேண்டுவதில்லை. ஆதலால், மதலேன் வியொனே, உனக்காகக் கலங்குகிறோம். நீ வேந்தர் மகள் அல்லை, ஊசி பிடித்தவள். 1975 மார்ச் 2 அன்று பாரிஸ் நகரில், 98 வயதில், நீ கண்மூடியபோது எம் கோமுகி ஆறு தன்பாட்டில் ஓடிற்று. அரை நூற்றாண்டு கழிந்து அழுவானேன் என்று நகைப்பார் நகைக்கட்டும். பாரிக்கு ஈராயிரம் ஆண்டாக அழுகிறோமே!

1876 ஜூன் 22இல் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் பிறந்தாய். சிற்பியாக ஆசை கொண்டிருந்தாய் என்பர். பன்னிரண்டு வயதளவில் பள்ளி போயிற்று, தையற்கூடம் வந்தது. பதினெட்டில் மணம். ஈன்ற மகவு மண்ணுக்குப் போக, மணமும் முறிய, இலண்டனுக்குப் போய்ப் பிறர் ஆடை தைத்தாய். திரும்பி வந்து பாரிஸில் ஆடையகம் நடத்திய கல்லோ சகோதரியரிடமும் பின்னர் ஜாக் தூசேயிடமும் பணி செய்தாய். 1912இல் உன் பெயரில் கடை திறந்தாய். போர் அதை மூடிற்று. போர் ஓய்ந்தபின் மீண்டும் திறந்து, 1923இல் மொந்தேன் சாலையின் 50ஆம் எண் மாளிகைக்குக் குடிபெயர்ந்தாய்.

உன் காலத்துப் பெண்ணுடல் கச்சைக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. திமிங்கில எலும்பும் இரும்பும் வைத்து இறுக்கிய கச்சை. உடலை நெரித்து ஆடைக்குப் பொருத்திய காலம். 1907இல் தூசேயின் கூடத்தில் கச்சையைக் கழற்றி, வெறுங்காலோடு பெண்களை நடக்கவிட்டாய். விற்பனைப் பெண்களே முகம் சுளித்தனர். ஆயினும் கச்சையைக் கழற்றியது உன் பெருமையில் பாதியும் ஆகாது. கழற்றியவர் வேறு சிலரும் இருந்தனர். கழற்றியபின் உடலுக்கு என்ன தருவது என்ற கேள்விக்குத் துணியிடமே விடை கேட்டவள் நீ.

பாவும் ஊடையும் நேர்நேராக ஓடும் துணியை அவ்வழியே இழுத்தால் அது இணங்காது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் நெகிழும். விட்டால் தன்னிலைக்கு மீளும். தோளில் கிடக்கும் துண்டிலேயே எவரும் இதைச் சோதித்தறியலாம். கழுத்துப்பட்டிக்கும் விளிம்புக்கும் மட்டும் தையற்காரர் வைத்திருந்த இச்சாய்வை முழு உடலுக்கும் கொடுத்தாய். துணி இடுப்பில் பிடித்தது, தொடையில் விட்டது, காலில் விழுந்தது. பொத்தான் இல்லாமலே தலைவழி அணிந்து கொள்ளும் ஆடைகள் பிறந்தன. நான்கு சதுரத் துணிகளை மூலையால் தொங்கவிட்டே ஓர் ஆடை முடித்தாய். கணக்கும் கருணையும் அதற்குமேல் கலக்க முடியாது என்று எமக்குத் தோன்றுகிறது. சாய்த்து வெட்டத் துணி கூடுதலாக வேண்டுமே என்று, வழக்கத்தினும் அகலமான கிரேப் பட்டை உனக்கெனவே நெய்வித்தாய்.

இன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், மாடிப்படியின் கீழ் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கும் அக்காவிடம் ரவிக்கைத் துணி கொடுத்துப் பாருங்கள். "கிராஸ் கட்டிங்காம்மா, சாதாவா? கிராஸுன்னா துணி கூட வேணும்" என்பாள். நீ பட்டாலையில் சொன்ன அதே கணக்கு. உன் பெயர் அவள் அறியாள். உன் காலத்து ஷனேலின் பெயரை எம்மூர் வாசனைப் புட்டி விற்பவனும் அறிவான். உன் பெயரைக் கேட்டால் மருந்தின் பெயரா என்பான்.

நீ தாளில் வரைந்தவள் அல்லை. 80 சென்டிமீட்டர் அளவே உள்ள மரப்பாவை ஒன்றன்மேல் துணியைச் சுற்றிச் சுற்றி, ஊசி குத்திக் குத்தி, வடிவம் கண்டபின்னரே ஆளளவுக்குப் பெருக்கினாய். வாகையிலும் தேக்கிலும் தெய்வம் செதுக்கும் தச்சர் வாழும் ஊர் எங்களது. 2021இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உன் பாவையைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் மூட்டு மூட்டாக அதன் வேலையை எடைபோட்டிருப்பார்கள். அவர்கள் செதுக்கும் அம்மனுக்கும் கடைசியில் வெட்டாத சேலையைத்தான் கொசுவி உடுத்துகிறோம். வெள்ளிமலையில் கடுக்காய் பொறுக்கும் மூதாட்டியின் இடுப்பிலும் அதே வெட்டாத துணி, தன் எடையால் தானே விழுகிறது. வெட்டிய துணியை வெட்டாததுபோல் விழச்செய்ய வாழ்நாளைச் செலவிட்டவளே, இந்த மலையை நீ ஒருமுறை பார்த்திருக்கலாகாதா?

உன் ஆடைகளைத் திருடிப் பார்த்துப் போலி செய்தனர். வழக்காடினாய், போதவில்லை. ஒவ்வோர் ஆடையின் துணிச்சீட்டிலும் உன் வலக்கைப் பெருவிரல் ரேகையைப் பதித்தாய். எம் பக்கத்தில் பெருவிரலை மையில் தோய்த்தவர் பெரும்பாலும் எதையோ இழந்தவரே. எம் மலையையே பார்: ஜாகிர்தார்கள் ஆண்ட கல்வராயன் மலை அவர்கள் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததே நீ மறைந்த மறுவருடம், 1976இல்தான். செய்த பொருள் என்னுடையது என்று சொல்லவும் பெருவிரல் பயன்படும் என்பதை உன்னிடம் கண்டோம்.

1939இல் மறுபடியும் போர். கடையை மூடினாய், பிறகு திறக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு ஓய்ந்த ஊசியோடு உயிர்வாழ்ந்தாய். 1952இல் 122 ஆடைகளையும் 750 மாதிரித் துணிகளையும் 75 படத்தொகுப்புகளையும் கொடையாக அளித்தாய். பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இன்று அவை இருக்கின்றன. காப்பாற்றியது நன்றே. ஆனால் உன் ஆடை கொக்கியில் தொங்கினால் கந்தலாகத் தோன்றும். உடல் புகுந்தாலன்றி அதற்கு உருவமில்லை. மூச்சு விடும் இடுப்புக்கென வெட்டிய துணியை மூச்சில்லாப் பொம்மைமேல் போர்த்திப் பார்ப்பதும் ஒருவகை இழவு வீடுதான்.

இவ்வளவும் உன் வெட்டுக்காக அழுதது. எம் நெஞ்சை அறுப்பது வேறு. உன்னிடம் ஆடை வாங்கியவர் செல்வச் சீமாட்டியர், அதை மறைப்பானேன்? ஆனால் உன்னிடம் தைத்தவர் 1,000க்கும் மேற்பட்ட ஏழைப் பெண்கள். முக்காலியில் முதுகு கூனித் தைத்த சிறுமியாய் இருந்ததை நீ மறக்கவில்லை. சாயும் முதுகுள்ள நாற்காலி போட்டாய். வெளிச்சம் புகும் கூடம் கட்டினாய். மருத்துவர், பல் மருத்துவர், உணவுக்கூடம், குழந்தைக் காப்பகம், பேறுகால விடுப்பு எல்லாம் அந்த மாளிகையிலேயே கிடைத்தன. ஊதியத்தோடு விடுமுறை என்பதைப் பிரான்சின் சட்டம் 1936இல்தான் சொன்னது. நீ முன்னரே கொடுத்தாய். முல்லைக்குத் தேர் கொடுத்தவனைப் பாடிய நாவுக்கு, தையல்காரிக்கு நாற்காலி கொடுத்தவளைப் பாடத் தடையென்ன?

எம் ஜவுளிக்கடைகளில் வேலை செய்பவர் உட்காரலாம் என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது 2021இல். கேரளம் மூன்றாண்டு முந்திற்று. சட்டம் வந்தபின்னும் தீபாவளிக் கூட்டத்தில் நின்று சேலை பிரித்துப்போடும் பிள்ளைகளைக் கடைக்குக் கடை காண்கிறோம். இருக்கை இருக்கிறது, உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கண் வருகிறது. கடைசிப் பேருந்தில் சங்கராபுரம் பக்கமும் சின்னசேலம் பக்கமும் திரும்பி, வீங்கிய காலை வெந்நீரில் வைக்கிறார்கள். அவர்கள் உடுத்திய ரவிக்கையில் உன் சாய்வு இருக்கிறது, அம்மையே; அவர்கள் முதுகுக்கு உன் நாற்காலி வரவில்லை. முதலாளிமாருக்குச் சொல்லலாம் என்றால், கண்டு வந்தவர் சொன்னால்தானே நம்புவர்? ஊசி பிடித்த பெண் ஒருத்தி முதலாளியாகி, சாய்ந்து அமரச் சொல்லி, அப்படியும் பாரிஸின் மிக நுண்ணிய ஆடைகளை விற்றாள் என்று சான்றுரைக்க உன் கூடத்துப் பெண்கள் வேண்டும். அவர்களும் உன் பின்னே போய்விட்டார்கள். இனி யாரை அழைத்து வருவோம்?