ஏரிக்கரையிலிருந்து ரெட் ரோடு வரை

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, பத்திரிகைப் பொறுப்பை ஏற்றிருக்கும் அன்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒருவர் பத்ரிநாத் போய் வந்து எழுதினார், இன்னொருவர் அந்தமானைப் பற்றி எழுதினார், தாங்களும் ஒரு பயணக் கட்டுரை தரலாகாதா?" என்றார். அண்மையில் நான் எங்கும் பயணம் போகவில்லை. ஓராண்டுக்கு மேலாக நாள்தோறும் நான் போய் வருவது ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு மட்டுமே; வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிஷ நடை. அதை எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்று தயங்கினேன். "பாதகமில்லை, அதையே எழுதுங்கள். இவ்வளவு எப்படி இளைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார் அவர். இரண்டாவது விஷயந்தான் அவர் உண்மையில் அறிய விரும்பியது என்பது அவருடைய வயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புலப்பட்டது. அன்பர் மன்னிப்பாராக.

நான் திருவாரூரிலிருந்து இந்நகருக்கு வந்தது 1996ஆம் ஆண்டில். அப்போது இதன் பெயர் கல்கத்தா. 2001இல் கொல்கத்தா ஆயிற்று. வந்த நாள் முதலாக லேக் மார்க்கெட் வட்டாரத்திலேயே குடியிருந்து வருகிறேன். நம்மவர்களுக்கு அந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, புதிதாய் அரைத்த காப்பிப்பொடி ஆகியவை அங்கே கிடைக்கும் வரையில் தமிழன் வேறிடம் நகர மாட்டான். ஆனால் அந்த மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த ஏரி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று நான் இத்தனை ஆண்டுகளில் எண்ணிப் பார்த்ததேயில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகட்டம், தட்சிணேசுவரம், விக்டோரியா நினைவு மண்டபம் என்று அழைத்துப் போவோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியை யார் காட்டுகிறார்கள்?

அது இயற்கையான ஏரியன்று. 1920களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு, தெற்கே சதுப்பும் புதருமாய்க் கிடந்த நிலத்தைக் கையகப்படுத்தி, குடியிருப்புகளுக்காகச் சுற்றுப்புறத்தை மேடாக்கும் பொருட்டு வெட்டிய பள்ளமே அது. ஏரியும் கரையுமாகச் சேர்ந்து 192 ஏக்கர். அதில் நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். முதலில் டாகுரியா ஏரி என்று வழங்கியதை 1958இல் கவி ரவீந்திரரின் பெயரால் அழைக்கலானார்கள். ஏரி நடுவே ஒரு தீவு. தீவிலே ஏரி தோன்றுமுன்பே இருந்த ஒரு பள்ளிவாசல். அதற்குச் செல்ல 1926இல் கட்டிய தொங்கு பாலம். அருகிலேயே 1935இல் நிறுவப்பட்ட ஜப்பானியப் பௌத்தக் கோயில். விடியற்காலையில் அங்கே எழும் முரசொலி, நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வருவதைப் போலக் கேட்கும்.

இவ்வளவையும் நான் அறிந்துகொண்டது ஒரு வைத்தியரின் தயவினால். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போது என் எடை 94 கிலோ. "தங்கள் தகப்பனாருக்கு சர்க்கரை வியாதி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தந்தையார் தம் ஐம்பத்தெட்டாம் வயதில், செருப்பு கடித்த ஒரு சிறு புண்ணைக் கவனியாமல் விட்டு, வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். நோயினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தபடியால் புண் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது வயது ஐம்பத்து நான்கு. அன்று வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடியின் முன் நின்று குனிந்து பார்த்தேன். என் பாதங்களை என் வயிறு மறைத்தது.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனேன்.

இளைத்த கதையை நீட்டி எழுதுவதற்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கிக் காயை இருமடங்காக்கினேன். இந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆகாரமான லூச்சியையும் கசூரியையும் விட்டேன். மிட்டாய்க் கடைகளிருக்கும் தெருக்களைத் தவிர்த்துச் சுற்றுவழியாக வந்தேன் என்றால் இந்நகரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அப்படி ஒரு தெரு இங்கே ஏது? பதினான்கு மாதங்களில் 18 கிலோ குறைந்தது. விரலிலிருந்து மோதிரம் கழன்று விழுந்தது. இடைவாரில் நான்கு புதுத் துளைகள் போட வேண்டியிருந்தது. செருப்பின் அளவுகூட அரை எண் குறைந்தது.

ஆனால் நம்மவர்கள் யாரும் இதைக் கண்டு மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. பொங்கல் விழாவில் என்னைச் சந்தித்த பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "என்ன சார், இப்படி உருக்குலைந்து போய்விட்டீர்கள்! நல்ல டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார். அவருடைய துணைவியாரோ என் மனைவியைத் தனியே அழைத்துப் போய் ஆறுதல் சொன்னார். நம் மக்களுக்குப் பருமன் என்பது சௌக்கியம். மெலிவு என்பது வியாதி. தாமாக விரும்பி ஒருவன் மெலிவான் என்பது நம்பத்தக்கதாக இல்லை.

ஓட வேண்டும் என்னும் எண்ணத்தை என் மனத்தில் விதைத்தவர் ஒரு வங்காளிப் பெரியவர். எழுபதைக் கடந்தவர், ஐப்பசி பிறந்ததுமே தலையும் காதும் மூடும் கம்பளிக் குல்லாயை அணிந்துவிடுவார். கரையோர பெஞ்சுகளில் அமர்ந்து அரசியலையும் கால்பந்தையும் அலசும் நண்பர் குழாத்தைக் கடந்து, அவர் மட்டும் சிறு சிறு எட்டாக, காலைத் தேய்த்தாற்போல ஓடிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவரே என்னிடம், "தாதா, இவ்வளவு வேகமாக நடக்கிறவர் ஏன் ஓடக் கூடாது? டிசம்பரில் ரெட் ரோடில் ஓட்டம் இருக்கிறதே!" என்றார். 2014ஆம் ஆண்டு முதல் இந்நகரில் டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் நடைபெறும் 25 கிலோமீட்டர் ஓட்டத்தைத்தான் அவர் குறிப்பிட்டார். வெளிநாட்டு வீரர்களெல்லாம் வந்து ஓடுவது அது. அதனுடன் என் போன்றவர்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. அன்றிரவே மகளைக் கொண்டு என் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். மனைவியிடம் மறுநாள்தான் சொன்னேன்.

இங்கேதான் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். உடம்பு இலேசாகிவிட்டது, ஆகவே ஓடலாம் என்று எண்ணினேன். முதல் வாரமே இரண்டு கிலோமீட்டர்; மூன்றாம் வாரம் ஐந்து; ஆறாம் வாரம் எட்டு. மூச்சு ஒத்துழைத்தது. ஏழாம் வாரத்தில் ஒரு நாள், தொங்கு பாலத்தருகே, இடது முன்காலெலும்பின் ஓரத்தில் சூட்டுக்கோல் வைத்தாற்போல் ஒரு வலி. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். அவள் என் தந்தையாருக்குக் கட்டு மாற்றிவிட்டவள்.

வைத்தியர் விளக்கினார். பயிற்சியினால் இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பலம் பெற்றுவிடும். எலும்பும் தசைநாரும் பலம் பெறப் பல மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலெடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதாவது 76 கிலோ எடையுள்ள என் கால், அடிக்கு அடி 150 முதல் 230 கிலோ வரை தாங்க வேண்டும். முப்பது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்திருந்த கால் அது! போதாக்குறைக்கு, இன்னும் இளைக்கலாம் என்று ஓடிய நாட்களிலும் அரைவயிறு உண்டுகொண்டிருந்தேன். வேலை செய்யும் மாட்டுக்குத் தீனியைக் குறைத்த கதைதான். "எடை குறைப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஓடுகிறவர் உண்ணத்தான் வேண்டும்" என்றார் வைத்தியர். மாத்திரை விஷயத்திலும் எச்சரித்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நெடுநேரம் ஓடினால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரக்கூடும். ஆகவே நீண்ட ஓட்டமுள்ள நாட்களில் எதை, எப்போது, எவ்வளவு என்பதை அவரே எழுதிக் கொடுத்தார். சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருக்கச் சொன்னார். இந்நோயுள்ள அன்பர்கள் யாரேனும் என்னைப் பார்த்து ஓடப் புறப்படுவதானால், தயவுசெய்து முதலில் தம் வைத்தியரிடம் ஓடுவார்களாக.

மூன்று வாரம் ஓய்வு. நான்காம் வாரம் ஏரிக்கரைக்குப் போனபோது குல்லாய்க்காரப் பெரியவர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெல்ல, மெல்ல என்று பொருள். அவருடன் சேர்ந்து ஓடலானேன். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும்; பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அறிக; இதுவே அவருடைய சட்டம். என் அரைகுறை வங்காளியைக் கேட்டபடி ஓடுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிதளவே கூட்டினோம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். மற்ற நாட்களில் நடை அல்லது ஓய்வு. அப்படி மெதுவாகப் போனபோதுதான் நான் ஏரியைக் கண்டேன். நீண்ட ஒல்லிப் படகுகளில் பிள்ளைகள் துடுப்பு வலித்துப் போவதையும், நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்துவதையும், ஒரு கூட்டத்தார் வட்டமாக நின்று வைத்தியத்துக்காக உரக்கச் சிரிப்பதையும், அதைக் கேட்டுக் கரையிலிருந்த நாய் மட்டும் உண்மையாகவே கலவரமடைவதையும் கண்டேன். முன்பு பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தை.

மார்கழிக் குளிரில் இந்நகரின் காற்றைப் புகழ முடியாது. புகை எழும்பாமல் தரையோடு படிந்து நிற்கும். விடியற்காலையில் தொண்டை கரகரக்கும். காற்று மிகவும் கெட்டிருக்கும் நாட்களில் வீட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். இன்னொரு சோதனையும் இதே பருவத்தில்தான் வருகிறது. ஈச்சமரத்தில் புதிதாய் இறக்கிய சாற்றைக் காய்ச்சிய வெல்லம் கடைகளுக்கு வந்துவிடும்; 'நொலென் குர்' என்பார்கள். அதைக் கலந்து செய்த சந்தேஷின் மணம் தெருவில் போகிறவனைக் கையைப் பிடித்து இழுக்கும். ஒரே ஒரு நாள் தோற்றேன். ஒரே ஒரு சந்தேஷ். அதற்காக வருந்தவும் இல்லை.

நவம்பர் மாதத்து ஞாயிறொன்றில், இடம் பார்த்து வரலாம் என்று மனைவியுடன் டாக்சியில் ரெட் ரோடுக்குப் போனேன். இந்திரா காந்தி சரணி என்பது அதன் இப்போதைய பெயர். மைதானத்தின் நடுவே, இருமருங்கும் பசுமையாக, அகன்று நேராகக் கிடக்கிறது அச்சாலை. இரண்டாம் உலகப் போரின்போது போர்விமானங்கள் அதன் மீது இறங்கி ஏறினவாம், பார்த்தால் நம்பலாம். குடியரசு தின அணிவகுப்பும் ஈத் பெருநாள் தொழுகையும் அங்கேதான் நடக்கின்றன. பனி விலகவில்லை. தெற்கே விக்டோரியா மண்டபத்தின் வெண்கூரை ஆகாயத்தில் மிதப்பதுபோல் தெரிந்தது. ஆட்டு மந்தையொன்று புல் மேய்ந்துகொண்டிருக்க, அதற்கும் நடுவே சிறுவர்கள் பந்தாடினார்கள். மண் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தோம். "இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறோம், இந்தப் புல்லில் ஒருநாள் உட்கார்ந்ததில்லை" என்றாள் என் மனைவி. நான் சாலையில் சிறிது தூரம் ஓடிக் காட்டினேன். அவள் குவளையை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, நான் திரும்பி வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதை எழுதுவது சனிக்கிழமை மாலை. நாளைதான் ஓட்டம், இந்த இதழ் தங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பயிற்சியில் நான் ஓடிய மிகக் கூடிய தூரம் 9 கிலோமீட்டர். மீதி ஒன்றை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் பெரியவர். பழகிய காலுறை, பழகிய காலணி, பழகிய சட்டை. புதியது எதுவும் நாளைக்கு ஆகாது. சட்டையில் என் எண் பொறித்த தாளை நான்கு ஊக்குகளால் மகள் குத்திவிட்டாள். விடியுமுன்பே எழுந்து இரண்டு இட்டிலி. விரலிடுக்குகளுக்கு வாசலைன். தொடக்கத்தில் எல்லோரும் பாய்வார்கள், நீங்கள் பாயாதீர்கள் என்பது பெரியவரின் கட்டளை. அவரும் வருகிறார், குல்லாயோடுதான்.

கடைசியாகத் தாதா எந்த இடத்தில் வந்தார் என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசியாக வந்தாலும் வருவேன்.

ஒவ்வோர் இரவும் படுக்குமுன் என் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் சோதிப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வயிறு இப்போது மறைப்பதில்லை. நானே குனிந்து பார்த்துக்கொள்ள முடியும். ஆயினும் இன்று என் மனைவி கையில் டார்ச்சுடன் வந்து கட்டிலருகே அமர்ந்திருக்கிறாள். எழுதுவதை நிறுத்திவிட்டுக் காலை நீட்டச் சொல்கிறாள்.