அப்பாவின் மோட்டார் சத்தம்

மைலோ வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ஒன்னு இந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." சாமி மேடைக்குக் கீழே விரித்திருந்த பாயில் அது இரண்டாவது தடவையாக மூத்திரம் போயிருந்தது. அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் மீறி அடித்தது வாடை.

அப்பா இன்னும் நேராகப் பேசினார். "இன்னொரு தடவ உள்ள போச்சு, செம்பனைக் காட்டுல கொண்டு போய் விட்டுட்டு வந்துருவேன்." சும்மா மிரட்டல் இல்லை. எங்கள் தாமானில் அப்படிக் காணாமல் போன நாய்களை எனக்கே தெரியும்.

கிள்ளானில் ஒரு கோப்பிக் கடைக்குப் பின்னால், காலி முட்டை அட்டைகளுக்கு நடுவே கிடந்த பெட்டை நாய் அது. தூக்கி வந்தவள் நான். அதனால் துடைக்க வேண்டியவளும் நான்தான். பைன் வாசனை போட்ட திரவத்தில் மொப்பு போட்டேன். வாசனை எங்களுக்குத்தான் போனது, அதற்கு இல்லை. மூக்கை வைத்து அதே இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே போனது. ஒருநாள் அப்பா குளோரின் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். இரண்டு பேருக்கும் கண் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடினோம். மூத்திரத்தின் அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் செல்லப்பிராணிக் கடையில் விற்கிற என்சைம் திரவத்தை ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தேன். பாயைத் தூக்கிப் போட்டேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போனேன். புல்லில் போனால் அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட். பத்து நாளில் சாமி மேடை தப்பித்தது.

ஆனால் சாயந்திரம் ஆறரை மணி மட்டும் மாறவில்லை.

அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. ஆறரைக்கு அவர் மோட்டார் சந்து முனையில் திரும்பும். கேட்டுச் சங்கிலி குலுங்கும். மைலோ எழுந்து வரும், ஓடி அல்ல, ஊர்ந்து. காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வால் தாழ்ந்தபடி வேகமாக ஆடும். அப்பா கதவில் நின்று "ஏய்!" என்பார். அது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். அப்புறம் தரையில் ஒரு சின்னக் குளம்.

"பாத்தியா? என்னைப் பாத்தா மட்டும்தான் போகுது. திமிரு!"

அவர் அதன் பிடரியைப் பிடித்து மூக்கை ஈரத்தில் அழுத்துவார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மறுநாள் குளம் இன்னும் பெரிதாக இருக்கும்.

பிடரியை அழுத்தும்போது என் கழுத்து கூசும். பதினோரு வயது வரை நான் படுக்கையில் மூத்திரம் போனவள். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அப்பா என்னை அடித்ததில்லை. ஈரப் போர்வையை முன் கேட்டில் காயப்போடச் சொல்வார், அவ்வளவுதான். துணி காயப்போடும் கொடி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பள்ளி பஸ் நிற்பதோ முன்னால். "வெக்கம் வந்தா தானா நிக்கும்." வெட்கம் வந்தது, மூத்திரம் நிற்கவில்லை. தூங்காமலேயே இருந்து பார்ப்பேன். விடியும் நேரத்தில் அசந்துவிடுவேன். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மிருக டாக்டரிடம் கூட்டிப் போனேன். சீன டாக்டரம்மா முதலில் மூத்திரத்தைச் சோதித்தார். கிருமி இல்லை, சர்க்கரை இல்லை. பிறகு நான் எதிர்பார்க்காத கேள்விகள் கேட்டார். யார் வரும்போது போகிறது? அவர் எப்படி நிற்கிறார்? நாயின் காது எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். இது பழக்கக் குறைவு இல்லை, அடக்கம் என்றார். குட்டிகள் பெரிய நாய்களிடம் சொல்லும் பேச்சாம்: நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதீர்கள். அதைக் கேட்டு அதட்டினால், கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பலமாகச் சொல்லும். அதற்குத் தெரிந்த மன்னிப்பு அந்த ஒன்றுதான்.

செய்ய வேண்டியதையும் சொன்னார். உள்ளே வரும்போது அதைப் பார்க்காதே. மேலே குனியாதே. பக்கவாட்டில் உட்கார், அதுவே வரட்டும். தலையைத் தடவாதே, நெஞ்சைத் தடவு. போய்விட்டால் திட்டாதே, கொஞ்சவும் கொஞ்சாதே, பேசாமல் துடை.

"இதுக்கா டாக்டருக்குக் காசு குடுத்த?" என்றார் அப்பா.

ஆனாலும் மறுநாள் செய்தார். நாயைப் பார்க்காமல் இருக்க, நின்றபடியே டிவியை முறைத்துக்கொண்டிருந்தார். அணைத்து வைத்திருந்த டிவி. மைலோ வழக்கம்போல் போனது, மோட்டார் சத்தத்துக்கே போகிற நாயாயிற்றே. அப்பா எதுவும் சொல்லாமல் நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வாரத்திலிருந்து சந்து முனையிலேயே மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், முட்டி வலியோடு. சந்திப்பைக் கார் போர்ச்சுக்கு மாற்றினோம். சிமெண்டுத் தரை, ஒரு வாளி தண்ணீர் போதும். சின்ன பிளாஸ்டிக் நாற்காலியில் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அப்பா சப்பாத்து கழற்றுவார். காலுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட். முதல் நாட்களில் அது தூணுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. பிறகு பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியது. பிறகு சப்பாத்தை மோந்து பார்த்தது.

ஒரு சாயந்திரம் நான் வாளியோடு நின்றிருந்தேன், தேவைப்படவில்லை. மைலோ அவர் காலுறையை நக்கிக்கொண்டிருந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "நீ எத்தன வயசுல நிறுத்துன, பாப்பா?"

"பதினொன்னுப்பா."

மற்றச் சப்பாத்தின் கயிற்றை ரொம்ப நேரம் அவிழ்த்தார்.

"எனக்குப் பன்னெண்டு. தோட்டத்துல, லயத்து வீட்டுல. உங்க தாத்தா..." அங்கேயே நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. சப்பாத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, அதன் நெஞ்சில் இரண்டு விரலால் தடவினார்.

போன மாதம் இரண்டு தடவைதான் போர்ச்சில் போனது, வீட்டுக்குள் இல்லை. அம்மா புதுப் பாய் வாங்கியிருக்கிறார், இன்னும் விரிக்கவில்லை. தீபாவளிக்குப் பெரியப்பா வருகிறார். அவருக்குச் சத்தமாகத்தான் பேச வரும், நாயைக் கண்டால் மேலே குனிந்து கன்னத்தைக் கிள்ளுவார். அவரை எப்படி போர்ச்சில் திருப்பி உட்கார வைப்பது என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.