அண்ணனின் சைகோன் கஷாயம்

அண்ணனுக்கு இப்போது 81 வயது. முப்பது வருஷம் சிகரெட் பிடித்ததற்குக் கூலியாக சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய். தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். காலையும் இரவும் இன்ஹேலர்.

சென்ற வருஷம் பாரிசில் இருக்கும் அவர் மகன், சைகோனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தான். எங்கள் தாத்தா வேலை பார்த்த ஊர் அது. (புதுச்சேரியில் பல வீடுகளில் ஒரு சைகோன் கதை இருக்கும்.) அங்கே சோலோன் என்னும் சீனர் பகுதியில் தெரு முழுக்க மூலிகைக் கடைகள். அப்பாவின் இரைப்பைச் சொல்லி, ஒரு முதியவரிடம் பத்துப் பொட்டலம் கட்டி வாங்கி வந்திருந்தான்.

தினம் ஒரு பொட்டலம். மூன்று டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும் வரை அண்ணி காய்ச்சித் தந்தார். மூன்றாம் நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நெஞ்சு திறந்துடுச்சுடா தம்பி. பஃப்பை மூட்டை கட்டிட்டேன்."

அவர் முகத்தில் அப்படிச் சிரிப்பைப் பார்த்து வெகு நாளாயிற்று. ஆனால் கை நடுங்கியது. ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று அண்ணி மெதுவாகச் சொன்னார்.

பொட்டலத்தோடு ஒரு சீட்டு இருந்தது. கடைக்காரர் பழைய காலத்து மனிதர் போலும். நாங்கள் பள்ளியில் எழுதிப் பழகிய அதே சாய்ந்த எழுத்தில், பிரெஞ்சில் எழுதியிருந்தார். அப்பனும் மகனும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதிமதுரம், ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல். முதல் வரியில் எபெத்ரா.

அந்தக் காலத்து ஆஸ்துமா மாத்திரைகளில் எபெட்ரின் என்று போட்டிருக்குமே, அது வந்த செடி இதுதான். சீனர்கள் மா ஹுவாங் என்பார்கள். 1885இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானியர் அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். மூச்சுக்குழாயை அது விரிப்பது உண்மை. அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் இதயத்தையும் விரட்டும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், பிராஸ்டேட் வீங்கிய கிழவர்களுக்கு மூத்திரத்தை அடைக்கும். அதிமதுரமும் அதிகமானால் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சரக்குதானே என்று அதை நாம் சந்தேகிப்பதே இல்லை.

சீட்டோடு டாக்டரிடம் போனோம். அழுத்தம் 180. அவர் திட்டவில்லை. "இன்ஹேலர் மருந்து துளியூண்டு, நேரே நுரையீரலுக்குப் போகுது. இது உடம்பு முழுக்கச் சுத்துது" என்றார். கஷாயம் நின்றது, பஃப் திரும்பியது.

சீன வைத்தியத்தில் ஒன்றை மட்டும் அண்ணன் விடவில்லை. ஆறு ஒலிகளோடு மூச்சு விடும் பயிற்சி. சுமார் 1500 வருஷத்துக்கு முன் தாவோ ஹொங்ஜிங் எழுதி வைத்தது. நுரையீரலுக்கான ஒலி 'ஸி'. மூக்கால் இழுத்து, அந்த ஒலியோடு மெதுவாக விட வேண்டும். உதட்டைக் குவித்து ஊதச் சொல்லும் டாக்டரின் பயிற்சிக்குப் பக்கத்து வீடு. டாக்டரே சரி என்றுவிட்டார். சாயங்காலம் திண்ணையில் அண்ணன் 'ஸ்ஸி' என்கும்போது தெருநாய் நிமிர்ந்து பார்க்கும்.

மிச்சம் ஏழு பொட்டலமும் பீரோவில்தான் இருக்கின்றன. தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். சாவி அண்ணியிடம்.