தூங்கினால் சதை போடுமா?

என் மகனுக்கு 14 வயது, படிவம் இரண்டு. ஒரே வருடத்தில் கிடுகிடுவென வளர்ந்து 174 சென்டிமீட்டர் ஆகிவிட்டான். எடை 54 கிலோதான். உயரத்தைப் பார்த்துப் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், வளையத்துக்குக் கீழே பந்துக்குப் போனால், எதிரணிப் பையன்கள் தோளால் ஓர் இடி இடித்தே ஓரம் கட்டிவிடுவார்கள்.

“அப்பா, நான் சதை போடணும்” என்று வந்து நின்றான். எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். என் அப்பா பால் வெட்டுபவர். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். படுத்துக் கிடப்பவனைக் கண்டாலே எங்கள் வீட்டில் ஆகாது. மகனுக்கு நான் போட்ட அட்டவணையும் அப்படித்தான் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி பள்ளியில் பயிற்சி. செவ்வாய், வியாழன், சனி என்னோடு ஜிம். ஞாயிறு தாமான் திடலில் ஆட்டம். வாரத்தில் நான்கு இரவு டியூஷன். படுக்கப் பதினொன்றரை ஆகும். ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்துக்காக எழுப்பிவிடுவேன். போதாததற்கு, பெரிய டின்னில் புரோட்டின் பவுடர் வேறு.

இரண்டு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் 53 கிலோ!

மாடிப்படியில் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை முதலில் கவனித்தது என் அம்மா. “ஏன்யா நொண்டுற?” என்று கேட்டார். முட்டிக்குக் கீழே எலும்பில் ஒரு புடைப்பு. தொட்டதும் துடித்துவிட்டான். ஆறு வாரமாக வலியாம்.

“சொன்னா சோம்பேறின்னு நினைப்பீங்கன்னு சொல்லலப்பா.”

அம்மா என்னைத்தான் பார்த்தார். “உங்கப்பாவும் இப்படித்தான். வலிக்குதுன்னு வாயைத் திறக்க மாட்டாரு.”

மருத்துவர் அதை ‘ஆஸ்குட்-ஷ்லாட்டர்’ என்றார். வேகமாக வளரும் வயதில், குதித்து ஓடும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு வருவது. தொடைத் தசையை முட்டிக்குக் கீழே இணைக்கும் நார், இன்னும் முற்றாத எலும்பு நுனியைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் அந்த வலி. பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் அடங்கிவிடுமாம். அதுவரை குதிப்பதைக் குறைக்க வேண்டும்.

பிறகு பிசியோவிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, “எத்தனை மணி நேரம் தூங்குறான்?” என்பதுதான். “ஆறு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும் என்றார். எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது அதற்குச் சோதனைதான். பிறகு சாப்பிட்டு, ஓய்வெடுக்கும்போதுதான் உடல் அதைச் சரிசெய்து, முன்பைவிட வலுவாக்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. நான் வேலையை மட்டும் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தேன்.

பவுடர் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நூறு கிராம் டெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம். அம்மாவின் பருப்பும் கோழிக்குழம்பும் இருக்கும் வீட்டில் டின் எதற்கு? அவன் காலையில் வெறும் மைலோவைக் குடித்துவிட்டு ஓடியதுதான் கோளாறு. இப்போது இரண்டு முட்டை, ரொட்டி சாப்பிடாமல் வாசல் தாண்ட முடியாது.

எதை வெட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. “டியூஷனை நிறுத்த விடமாட்டேன்” என்றாள் மனைவி. கடைசியில் இரண்டு இரவு டியூஷனைச் சனி காலைக்கு மாற்றினோம். ஜிம் வாரம் இரண்டு நாள். அதுவும் முட்டியைச் சோதிக்காத பயிற்சிகள். பள்ளிக்கு நானே காரில் கொண்டுபோய் விடுவதால் ஆறே காலுக்கு எழுந்தால் போதும். பத்து மணிக்குக் கைப்பேசி என் மேசைக்கு வந்துவிடும்.

மாவட்டத் தேர்வுக்கு அவனால் போக முடியவில்லை. நண்பர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை.

நான்கு மாதமாகிறது. எடை 57 கிலோ. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால், வலித்தால் இப்போது சொல்கிறான். ஞாயிறுகளில் எதுவும் கிடையாது. போன ஞாயிறு ஒன்பது மணிக்கும் அவன் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பழக்க தோஷம், தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

“விடுய்யா, தூங்கட்டும்” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.