நாலு மணி நேரத்தில் நம்பர் மாறும்!

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். செராங்கூன் ரோட்டில் நடந்தால் மல்லிப்பூ வாசனை, மசால் தோசை, தமிழ்ப் பாட்டு என்று எல்லாம் நம்ம ஊர் போலத்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சிங்கப்பூரும் சென்னையும் சம்பந்தியே பண்ண முடியாத வேற்று ஜாதி. டிவிடி!

1990-களின் கடைசியில் டிவிடி வந்தபோது ஹாலிவுட் கம்பெனிகள் உலகத்தையே பாகப்பிரிவினை செய்தன. அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. சிங்கப்பூர், ஹாங்காங் 3. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா 4. சீனா 6. நாம் 5. நம்ம கார்டில் கூட இருப்பது யார் தெரியுமா? ரஷ்யா, மங்கோலியா, வட கொரியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி. அதாவது, மண்ணடிக்காரரும் மங்கோலியாக்காரரும் ஒரே ரேஷன் கார்டு. சிங்கப்பூர் சித்தப்பா வேறு கார்டு!

எதற்கு இந்தப் பிரிவினை? நான் பி.காம். படித்தவன், வியாபாரக் கணக்காகவே சொல்கிறேன். அமெரிக்காவில் டிஸ்க் வந்துவிடும். மற்ற நாட்டில் தியேட்டரிலேயே படம் வந்திருக்காது. அந்த டிஸ்க் இங்கே வந்துவிட்டால் தியேட்டர் வசூல் போச்சு. தவிர, ஊருக்கு ஊர் வேறு வேறு விலை வைக்கலாம். அவர்கள் லெட்ஜரில் எல்லாம் சரிதான். காசு கொடுத்தவன் கணக்குதான் டாலி ஆகவில்லை.

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் மாடி மாடியாக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். அங்கே ஒரு பெரியவர், நம்ம பக்கத்துக்காரர், பழைய கதை சொன்னார். "தம்பி, டிவிடிக்கு முன்னாடி லேசர் டிஸ்க். தோசைக்கல்லு சைஸ்! ஒரு பக்கம் ஒரு மணி நேரம் ஓடும். அப்புறம் எழுந்து போய் திருப்பிப் போடணும்."

நிஜம்தான். 30 சென்டிமீட்டர் விட்டம். 1978-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தாலும், அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது ஜப்பான்காரர்கள்தான். நமக்கு அந்தத் தோசைக்கல் கட்டுப்படி ஆகவில்லை.

நம்ம ஜனங்களைக் காப்பாற்றியது விசிடி. 1993-ல் வந்தது. ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை. டிவிடி படத்தில் இருக்கும் புள்ளிகளில் கால் பங்குதான் இதில். ஆனால் நம்பர், பூட்டு எதுவும் கிடையாது. டோக்கியோவில் வாங்கினாலும் தேனாம்பேட்டையில் ஓடும். ஒரு டிஸ்க் 74 நிமிஷம். நம்ம படமோ இரண்டரை மணி நேரம். அம்மா மடியில் ஹீரோ உயிரை விடப் போகும் சமயத்தில் 'அடுத்த டிஸ்க்கைப் போடவும்' என்று நிற்கும். மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து போய் மாற்ற வேண்டும்.

இன்னொரு கூத்து, பால் - என்டிஎஸ்சி. நம்ம டி.வி. பால் முறை, விநாடிக்கு 25 படம். சினிமாவோ 24. டிஸ்க்கில் ஏற்றும்போது கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிஷப் படம் 144-ல் முடிந்துவிடும். சீன் எதுவும் வெட்டவில்லை ஸார், ஓட்டம்தான் வேகம்! அமெரிக்க என்டிஎஸ்சி டிஸ்க்கில் இந்த அவசரம் கிடையாது. ஆனால் அதைப் பழைய பால் டி.வி.யில் போட்டால் கலர் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்களின் பிழைப்புக்காகப் பிறந்தது பர்மா பஜார். பீச் ஸ்டேஷன் வாசலில் இறங்கினாலே "ஸார், புதுப்படம்?" என்று காதோரம் ஒரு குரல் கேட்ட காலம் உண்டு. திருட்டு டிஸ்க்குக்கு நம்பரே கிடையாது, எல்லா ஊரிலும் ஓடும். சிங்கப்பூரில் பில் போட்டு வாங்கியவன்தான் 'செல்லாது' என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். யோக்கியனுக்குப் பூட்டு, திருடனுக்குச் சாவி!

2007-ல் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது. அந்த விலைக்குக் கள்ள டிஸ்க் வாங்குவானேன் என்று பலரும் கடைக்குப் போனார்கள். பூட்டு செய்யாததை விலை செய்தது.

இப்போது ரிச்சி தெருவில் மொபைல் சாமான்களும் சிசிடிவி கேமராவும்தான் கண்ணில் படுகின்றன. போன வருஷம் எங்கள் மாடி வீட்டு மாமாவோடு அங்கே போனேன். கையில் மூன்று விசிடி, 2004-ல் நடந்த அவருடைய சஷ்டியப்தபூர்த்தி. மாமி இப்போது இல்லை. வீட்டில் பிளேயரும் இல்லை. கடைப் பையன் யு.எஸ்.பி. டிரைவ் மாட்டி, ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் ஏற்றினான். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது டிஸ்க்கின் மேல்பூச்சு உரிந்திருந்தது. பாதியில் நின்றது.

"ஐயா, இதுக்கு மேல வராது."

"அதுலதாம்பா அவ பாடினது இருந்தது" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

சினிமாப் படம் எங்கேயாவது கிடைத்துவிடும். நம் வீட்டுக் கல்யாண விசிடிக்கு உலகத்திலேயே ஒரு பிரதிதான். கம்ப்யூட்டரில் போட்டு 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டரைத் திறந்தால் 'டாட்' என்று முடியும் ஃபைல் இருக்கும். அதைக் காப்பி செய்தால் போதும், விஎல்சி-யில் ஓடும். டிரைவ் இல்லையென்றால் ஆபீஸில் யாரிடமாவது கடன் கேளுங்கள்.

பீரோ மேல் தட்டில் பட்டுப்புடவைக்கு அடியில்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடிவிடுங்கள்!