பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு: தருமபுரி சர்வீஸ் மேசையில் நடக்கும் வேலை

தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருபவர்கள் பல வகை: கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர், ஃபிளெக்ஸ் வடிவமைப்பவர், பொறியியல் மாணவர், விளையாட்டுக்காகக் கேட்கும் இளைஞர். கையில் இருப்பது பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்தான். கொண்டுவரும் கணினியும் பல நேரம் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிப்ளெக்ஸாகவோ, எச்பி, லெனோவோ மாடலாகவோ இருக்கும். மாவட்டத்தின் ஊடே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 பெங்களூருக்கும் சேலத்துக்கும் வழி திறந்து வைத்திருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோடும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டும் கணினி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள்.

அனுபவமுள்ள சர்வீஸ்காரர் கார்டின் பெயரைப் பேசுவதற்கு முன்பே சி.பி.யு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிடுகிறார். அவர் கண் முதலில் போவது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். லேபிளுக்கு. அலுவலகக் கணினிகளில் அது பெரும்பாலும் 240 முதல் 290 வாட் வரைதான் இருக்கும். மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.-லிருந்து 6 பின் அல்லது 8 பின் ஒயர் வர வேண்டும். ஒயர் இல்லை என்று சாட்டா ஒயரிலிருந்து மாற்றி மாட்டுவது ஆபத்து: சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான், பிளக் உருகிப்போகலாம். புது எஸ்.எம்.பி.எஸ். போடலாம் என்றாலும், ஆப்டிப்ளெக்ஸின் பல மாடல்களில் வழக்கமான 24 பின் இணைப்பு கிடையாது. அதற்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும்.

அடுத்தது பெட்டியின் அளவு. ஒல்லியான எஸ்.எஃப்.எஃப். பெட்டிக்குள் பாதி உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். மானிட்டரையும் கேட்டாக வேண்டும். பழைய வி.ஜி.ஏ. மானிட்டரை ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டில் நேரடியாக இணைக்க முடியாது, கன்வெர்ட்டர் வேண்டும். கணினியில் ஒரே ஒரு ராம் இருந்தால், அதே அளவில் இன்னொன்று போட்டாலே உள்ளமைந்த கிராபிக்ஸ் வேகம் கூடும். லேசான வேலைக்கு அதுவே போதுமானால், நேர்மையான சர்வீஸ்காரர் கார்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்.

குறைந்த விலையில் அடிக்கடி பேசப்படும் கார்டுகள் சில. 2017-இல் வந்த ஜி.டி. 1030-க்கு 30 வாட் போதும், வேகமும் அதற்கேற்ப குறைவு. 2016-இல் வந்த 1050 டி.ஐ.யும் 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-உம் 4 ஜி.பி. நினைவகம் கொண்ட 75 வாட் கார்டுகள். தனி ஒயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6400-க்கு 53 வாட்தான், ஆனால் அது ஸ்லாட்டின் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்டில் வேகம் குறையும். ஆர்.எக்ஸ். 580 வலுவானது, 185 வாட் இழுக்கும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். இல்லாமல் ஆகாது.

2022 செப்டம்பர் 15-இல் எத்தேரியம் கிரிப்டோ நாணயத்தை கிராபிக்ஸ் கார்டுகளால் ஈட்டும் மைனிங் முறை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. சர்வீஸ்காரரின் கைத்திறன் தெரிவது இங்கேதான். கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். திருகின் தலை தேய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். விரலால் சுழற்றிய ஃபேன் தடுக்காமல் ஓட வேண்டும். ஸ்லாட்டில் நுழையும் தங்கப் பூச்சு விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டுகிறார். ஹீட்சிங்கைக் கழற்றி, சுண்ணாம்புபோல் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் புதிதாக வைக்கிறார். பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓடவிட்டு, வெப்பநிலை ஓர் அளவில் நிற்கிறதா, திரையில் கோடோ புள்ளியோ விழுகிறதா என்று பார்க்கிறார். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, புது கார்டின் பெயரில் விற்கும் மோசடியும் உண்டு. ஜி.பி.யு.-இசட் மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளை அடையாளம் காட்டுகிறது.

பொருத்துவது சிறு வேலைதான். மின்சாரத்தைத் துண்டித்து, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கி, ஸ்லாட்டின் தாழ் சொடுக்கும் வரை கார்டை அழுத்தித் திருகு போட வேண்டும். மானிட்டர் ஒயரை மதர்போர்டில் மாட்டாமல் கார்டில் மாட்ட வேண்டும். டிஸ்ப்ளே வராத புகார்களில் இதுவும் ஒரு காரணம். யு.பி.எஸ். அளவும் முக்கியம்: பரவலாக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட் வரைதான் தாங்கும்.

டிரைவர் ஆதரவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1050 டி.ஐ. உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக்கு புது விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அவற்றின் தயாரிப்பாளரான என்விடியா அறிவித்துள்ளது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 1650 நல்ல தேர்வு.

கார்டை வாங்கிய பிறகு கடைக்குப் போவதைவிட, சி.பி.யு.வைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாங்குவதே சிக்கனம். பார்த்துச் சொல்வதற்கும் சோதித்துக் கொடுப்பதற்கும் சர்வீஸ்காரர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கெட்டுப்போன கார்டுக்குக் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்துவது அந்தக் கூலிதான்.