தாழியும் மதுவும்

ஜார்ஜிய மொழியில் ரொட்டிக்குப் ‘பூரி’ என்று பெயர். அப்பாவை ‘மாமா’ என்கிறார்கள், அம்மா ‘தேதா’. கடையில் எண்ணிக் கொடுக்கும் பணம் ‘லாரி’. திபிலிசியில் இறங்கிய முதல் வாரத்தில் இந்தச் சொற்களே எங்களுக்குப் போதிய வேடிக்கையாக இருந்தன. கீழ்வீட்டுச் சிறுவன் படிக்கட்டில் நின்றுகொண்டு ‘மாமா, மாமா’ என்று கூவும்போதெல்லாம் எந்த மாமா வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்ப்போம். அவனுடைய அப்பா ரொட்டியோடு வந்துகொண்டிருப்பார்.

2022 செப்டம்பர் முதல் 2024 ஜூலை வரை அங்கே வாழ்ந்தோம். எங்களில் ஒருவர் அந்நகரின் தனியார் மருத்துவக் கல்லூரியொன்றில் இந்திய மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்தார். மற்றவர் பாளையங்கோட்டையில் தமிழ் கற்பிக்கும் வேலையிலிருந்து ஊதியமில்லா விடுப்புப் பெற்று உடன் சென்றவர். இதை எழுதும் கை பின்னவருடையது. நினைவுகள் இருவருக்கும் பொது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். யார் எதைச் செய்தார் என்று பிரித்துக் காட்ட வேண்டிய அவசியம் இக்கட்டுரைக்கு இல்லை.

சனிக்கிழமை தோறும் எங்காவது கிளம்பிவிடுவோம். ‘மர்ஷ்ருத்கா’ என்னும் சிற்றுந்து நிரம்பினால் புறப்படும். நம்மூர் ஷேர் ஆட்டோவின் தத்துவம்தான். பயணத்தின் நோக்கம் தேவாலயமோ கோட்டையோ அன்று. பெரும்பாலும் சாப்பாடு. கோட்டையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவோர் உண்டு. நாங்கள் சாப்பிட்டுவிட்டு நேரமிருந்தால் கோட்டையைப் பார்ப்போம்.

கச்சாபுரி என்பது பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி. ஒரே பெயர்தான், ஊருக்கு ஊர் உருவம் மாறும். இமெரேதிப் பகுதியில் வட்டமாக மூடிச் சுடுகிறார்கள். கருங்கடலோர அஜாராவில் அது தோணியாகிவிடுகிறது. உருகிய பாலாடைக்கட்டியின் நடுவே முட்டையை உடைத்தூற்றி, வெண்ணெய்க் கட்டியொன்றையும் மிதக்கவிட்டுத் தருவார்கள். தோணியின் முனையைப் பிய்த்து அதிலேயே தோய்த்து உண்ண வேண்டும். பத்தூமியில் ஆளுக்கொன்று வாங்கிய அன்று, கடற்கரை வரை நடந்துபோகவே எங்களுக்கு ஒரு மணிநேரம் பிடித்தது. மேற்கே சமெக்ரேலோவில்தான் ஜார்ஜியர்களுக்கும் காரம் தெரியும் என்று கண்டுகொண்டோம். மிளகாயும் பூண்டும் அரைத்த ‘அஜிகா’ என்ற விழுது அங்கே மேசைதோறும் இருக்கிறது. ‘கோமி’ என்று ஒரு மக்காச்சோளக் களியும் உண்டு. அதில் உப்பே சேர்ப்பதில்லை; சூட்டோடு செருகிவைக்கும் பாலாடைக்கட்டியின் உப்பே அதற்கும் உப்பு. கேழ்வரகுக் களிக்குக் கருவாட்டுக் குழம்பு செய்யும் உதவியை இங்கே பாலாடைக்கட்டி செய்கிறது.

எங்களில் ஒருவர் புலால் உண்ணாதவர். இறைச்சிக்குப் பெயர்பெற்ற நாட்டில் எப்படிக் காலம் தள்ளுவது என்ற கவலையைத் தீர்த்து வைத்தது ஜார்ஜியத் திருச்சபை. ஆண்டில் பல வாரங்கள் நோன்பு. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகாது. அதனால் நோன்பு உணவுக்கென்றே ஒரு பெரும் சமையல் அங்கே வளர்ந்திருக்கிறது. மண்சட்டியில் வேகவைத்த சிவப்புக் காராமணி போன்ற ‘லோபியோ’, அக்ரூட் பருப்பை அரைத்துக் கத்தரிக்காயில் சுருட்டிய ‘பத்ரிஜானி’, கீரையையும் பீட்ரூட்டையும் அதே விழுதில் பிசைந்த ‘ப்காலி’. எல்லாவற்றிலும் கொத்துமல்லித் தழை தாராளம். ‘உத்ஸ்கோ சுனேலி’ என்றொரு பொடி, நீல வெந்தயம். பெயரிலுள்ள ‘உத்ஸ்கோ’வுக்கு அயல் என்று பொருள். சந்தையில் அதை முகர்ந்தபோது எங்களுக்கு அது அயலாக இல்லை. வெந்தயக் குழம்பு வைத்த வீட்டின் மணம் அது.

மேற்கிலுள்ள குரியாவுக்கும் சாக்வாவுக்கும் போனது தேநீருக்காக. ஒரு காலத்தில் சோவியத் நாட்டுக்கே தேயிலை தந்த மலைகள் அவை. 1893இல் சீனாவிலிருந்து வந்த வல்லுநர் ஒருவர் சாக்வாவில் அதை வளர்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தபின் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் கைவிடப்பட்டன. மாஞ்சோலை மலையில் கவாத்து செய்த தேயிலையைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, ஆள் உயரத்துக்கும் மேல் மரமாக வளர்ந்து பெரணிக்குள் மறைந்துகொண்டிருந்த தேயிலையைப் பார்ப்பது என்னவோ போலிருந்தது. அங்கங்கே சிலர் மீண்டும் பறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல தேநீர்தான். பால் கேட்டபோது விசித்திரமாகப் பார்த்தார்கள்.

இனி மதுவுக்கு வருகிறோம். அதைத் தவிர்த்துவிட்டு ஜார்ஜியாவைப் பற்றி எழுத முடியாது. முதல் ஓராண்டு நாங்கள் தவிர்க்கத்தான் செய்தோம்.

திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் வேதித் தடயங்கள் உள்ளன என்று 2017இல் அறிவித்தார்கள். சுமார் 8000 ஆண்டுப் பழமை. இன்றும் கிராமங்களில் மதுவை மண்கலத்தில்தான் செய்கிறார்கள். ‘க்வெவ்ரி’ என்ற அக்கலம் முட்டை வடிவானது, கைப்பிடி கிடையாது, ஆள் இறங்கிக் கழுவும் அளவுக்குப் பெரியதும் உண்டு. உட்புறம் தேன்மெழுகு பூசிக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். பிழிந்த சாற்றோடு தோலும் விதையும் காம்பும் உள்ளே போகும். நொதித்து அடங்கியதும் மூடி, ஓரங்களைக் களிமண்ணால் பூசிவிட்டால், ஐந்தாறு மாதம் கழித்து இளவேனிலில்தான் திறப்பது. வெள்ளைத் திராட்சையில் செய்தாலும் அம்பர் நிறத்தில் வரும். 2013இல் யுனெஸ்கோ இம்முறையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1985இல் கோர்பச்சேவின் மதுவொழிப்பு இயக்கத்தின்போது இதே நாட்டில் திராட்சைத் தோட்டங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய மதுவுக்குத் தடை விதித்து 2013 வரை வாங்க மறுத்தது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கலம் மண்ணுக்குள் இருக்கிறது.

இமெரேதியில் ஷ்ரோஷா என்ற ஊரின் சாலையோரத்தில் விற்பனைக்கு வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த க்வெவ்ரிகளைக் கண்டதும் நாங்கள் இருவரும் ஒரே சொல்லைச் சொன்னோம்: தாழி. ஆண்டுதோறும் மாணவர்களை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு வேறு சொல் வாய்க்காது. அதே பருத்த வயிறு, அதே குறுகிய அடி, அதே செம்மண் நிறம். நாம் இறந்தவர்களை வைத்துப் புதைத்த கலத்தில் இவர்கள் மதுவை வைத்துப் புதைக்கிறார்கள்.

மதுவைப் புதைப்பதும் நமக்குப் புதிதன்று. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், புறநானூற்றின் 120ஆம் பாட்டில், மண்ணில் புதைத்து முதிர்வித்த தேறலைக் குடிசைதோறும் வழங்குவதைச் சொல்கிறார். அதியமானை இழந்த ஔவையார் 235ஆம் பாட்டில் முதலில் நினைத்து அழுவது அவன் பகிர்ந்துகொடுத்த கள்ளைத்தான். இருபதாண்டுகளாக வகுப்பில் இவற்றை நடத்திவருகிறோம். கள் என்ற சொல் வந்ததும் பின்வரிசை சிரிக்கும். ஆசிரியர் அடுத்த அடிக்கு விரைவார். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை; அவ்வகுப்பில் தலைகுனிந்தபடி உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். 1987இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டதும், 2003 முதல் அரசே கடை திறந்து புட்டி விற்பதும் அப்பிள்ளைகளின் வீடுகளில் எப்படி இறங்கின என்பதை உரையாசிரியர் எவரும் எழுதவில்லை.

அந்தத் தலைகுனிவு எங்கள் வீட்டிலும் உண்டு. எங்களில் ஒருவருடைய தந்தை 1994இல் குடியால் இறந்தார். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கர், வயது நாற்பத்தாறு. அதன்பின் அவ்வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. திதி நடக்கும், படம் மாட்டியிருக்கும், பேச்சு மட்டும் இராது. நல்லவிதமாகப் பேசினால் குடியை மன்னித்தது போலாகும், குடியைப் பேசினால் செத்தவரைத் திட்டியது போலாகும் என்பதால் மொத்தமாகவே வாய் மூடிக்கொண்ட வீடு அது. திருமணத்தின்பின் அந்த மௌனத்தைக் காப்பது எங்கள் இருவரின் பொறுப்பாயிற்று. யாருடைய தந்தை என்று இங்கே குறிக்காமல் விடுவதும் அப்பழக்கத்தால்தான்.

2023 அக்டோபரில், ர்த்வேலி எனப்படும் திராட்சை அறுவடைக்கு (இச்சொல்லை இப்படித்தான் தொடங்க முடிகிறது, தொல்காப்பியர் பொறுத்தருள்க) எங்கள் வீட்டுச் சொந்தக்காரப் பாட்டி எங்களைக் கஹேதிக்கு அழைத்துப் போனார். தெலாவிக்கு அருகில் ஒரு கிராமம். அவருடைய தம்பி வீடு. காலையிலிருந்து கூடை சுமந்தோம். கைகள் பிசுபிசுத்தன, குளவிகள் விடாமல் சுற்றின. எதிரே காக்கசஸ் மலையில் அப்போதே பனி விழுந்திருந்தது. மாலையில் முற்றத்தில் நீண்ட மேசை போட்டார்கள். விருந்துக்கு அங்கே ‘சுப்ரா’ என்று பெயர். மேசைவிரிப்பு என்பதே அச்சொல்லின் பொருள்.

சுப்ராவில் நினைத்தபோது குடிக்க முடியாது. ‘தமதா’ என்னும் விருந்துத் தலைவர் எழுந்து ஒன்றைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்து பேசுவார்கள். பிறகே குவளை உயரும். முதலில் சமாதானத்துக்கு. பிறகு நாட்டுக்கு, விருந்தினருக்கு, பெற்றோருக்கு. நாங்கள் வளர்ந்த ஊரில் குடிப்பவர் சுவரோரம் திரும்பி நின்று ஒரே மடக்கில் விழுங்குவார். யாரும் பார்த்துவிடக் கூடாது. இங்கே பாட்டியும் பேரனும் பார்த்திருக்க, வாக்கியங்களை முடித்த பின்னர் குடித்தார்கள். இதைக் கண்டு மயங்கிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். திராட்சைச் சக்கையில் வடிக்கும் ‘சாச்சா’ என்ற சாராயத்தைக் காலையிலேயே குடித்துப் பேருந்து நிறுத்தத்தில் சரிந்து கிடப்பவர்களைத் திபிலிசியில் பார்த்திருக்கிறோம். அந்த மேசையிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவ்வீட்டு அம்மாள் தட்டு மாற்றி மாற்றியே இரவைக் கழித்தார். அடுத்த ஜூனில், நாங்கள் ஊர் திரும்பச் சில வாரங்கள் இருக்கையில், கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி வந்தது. அதைப் படித்த கண்ணால் எந்த நாட்டு மதுவையும் பண்பாடு என்று மட்டும் எழுத எங்களால் ஆகாது.

ஆறாவதோ ஏழாவதோ முறை தமதா எழுந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். இறந்தவர்களுக்கு. ஒவ்வொருவரும் தம் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்லி, குவளையிலிருந்து சில துளிகளை ரொட்டித்துண்டின் மேல் சிந்தினார்கள். சுற்று எங்களிடம் வந்தது. பாட்டியின் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: “விருந்தினரும் சொல்லலாம் என்கிறார்.”

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேசினோம். எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார் என்றோம். குடித்துக் குடித்தே இறந்தார் என்பதையும் மறைக்கவில்லை. கோடையில் சங்கத்திலிருந்து வரும்போது நுங்குக் குலை வாங்கி வருவார், பெருவிரலை விட்டுச் சுளை கிழியாமல் எடுத்துப் பிள்ளைகள் வாயில் போடுவார் என்றோம். நுங்கை ஆங்கிலத்தில் விளக்கவும், அதை அவள் ஜார்ஜியத்தில் விளக்கவும் படாதபாடு பட்டோம். கேட்டு முடித்த தமதா, மதுவைப் பற்றியோ குடியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. “அவர் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார். சொன்னோம். அவர் திருப்பிச் சொன்னார். மேசையைச் சுற்றி நின்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள், ழகரத்தை ஆளுக்கொரு விதமாகச் சிதைத்து, அப்பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். எங்களில் ஒருவர் குடித்தார். மற்றவர் ரொட்டியின் மேல் துளிகளைச் சிந்திவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாழ்த்து குழந்தைகளுக்கு, யாரோ பாட்டெடுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல ஊருக்குத் தொலைபேசினோம். அம்மா எப்போதும் கேட்பதைக் கேட்டார்: என்ன சாப்பிட்டீர்கள்? லோபியோவையும் ரொட்டியையும் சொன்னோம். பிறகு, மேசையில் அப்பாவைப் பற்றிப் பேச நேர்ந்ததையும் சொன்னோம். மறுமுனையில் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினோம்.

“என்ன சொன்னிய?”

நுங்கு வாங்கி வருவதைச் சொன்னோம் என்றோம்.

“நுங்கு மட்டுந்தானா? ஓலைப் பட்டையில பதனி வாங்கி, மாங்காயச் சீவிப் போட்டுக் குடிப்பாகளே அவுக, அதச் சொல்லலியா?”

அன்று அம்மா நாற்பது நிமிடம் பேசினார்.